ஒன்றாம் வகுப்பில் இரண்டு மொழி

கணக்குப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. ரவியிடம் 15 மாம்பழம் இருந்தது, தங்கைக்கு 6 கொடுத்துவிட்டான், மீதி எத்தனை? இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேள்வியில் இருக்கும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கிறான், விரல் விட்டுக் கூட்டுகிறான், 21 என்று எழுதி நோட்டை நீட்டுகிறான். டீச்சர் அவன் பக்கத்தில் குனிந்து, "டேய், தங்கச்சிக்கு ஆறு பழம் குடுத்துட்டா உன்கிட்ட எத்தனடா இருக்கும்?" என்கிறார். "ஒம்போது மிஸ்." யோசிக்கக்கூட இல்லை.

ஆங்கில வழிப் பிரிவு நடக்கும் தொடக்கப்பள்ளிகளில் இது அன்றாடக் காட்சி. பையனுக்குக் கழித்தல் தெரியும், கேள்விதான் புரியவில்லை. பரீட்சை அன்று டீச்சர் பக்கத்தில் குனிந்து சொல்ல முடியாது. அங்கே அவன் 21 என்றுதான் எழுதுவான். 'கணக்கில் கவனம் தேவை' என்று ரேங்க் கார்டில் வரும். அம்மா டியூஷனுக்கு ஆள் தேடுவார்.

இந்தப் பையன் எந்த மீடியம்? பதிவேட்டின்படி ஆங்கில வழி. ஆனால் வகுப்பில் அவன் காதில் விழுவது முக்கால்வாசி தமிழ். பாடத்தை ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பது, தமிழில் விளக்குவது, ஆங்கிலத்தில் கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது, குழந்தைகள் அதை நோட்டில் இறக்கிக்கொள்வது, வீட்டில் உருப்போடுவது, மறுநாள் ஒப்பிப்பது. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வந்தால் மட்டும் தமிழ் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அரசுப் பள்ளி என்றில்லை, ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் நர்சரி பிரைமரி பள்ளிகளிலும் இதே கதைதான். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் விளக்காமல் அந்த வகுப்பை ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆக, நம் குழந்தைகள் ஏற்கெனவே இரு மொழி வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் திருட்டுத்தனமாக. கேட்பது இரண்டு மொழியில், எழுத அனுமதி ஒரே மொழியில், அதுவும் மனப்பாடமாக. இரு மொழியில் படித்தால் குழந்தைக்கு அந்த நன்மை, இந்த நன்மை என்று பள்ளி விளம்பரங்களில் அச்சடிக்கிறார்களே, அவை எதுவும் இந்த மாதிரி ஏற்பாட்டில் கண்டறியப்பட்டவை அல்ல. அவை எங்கே, எப்படிப்பட்ட வகுப்பறையில் கிடைத்தன என்று பார்த்தால்தான் நம் பிள்ளைகளுக்கு எது விட்டுப்போகிறது என்று புரியும்.

செயின்ட் லாம்பர்ட் அம்மாக்கள்

கனடாவில் மாண்ட்ரியால் நகரத்துக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் செயின்ட் லாம்பர்ட் என்றொரு புறநகர். கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மை மக்கள் பிரெஞ்சு பேசுபவர்கள். ஆனால் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் மேல் நாற்காலிகள் நெடுங்காலம் ஆங்கிலம் பேசுபவர்களிடம் இருந்தன. 1960களில் காற்று திரும்பியது. பிரெஞ்சு தெரியாமல் இனி இங்கே காலம் தள்ள முடியாது என்று ஆங்கிலக் குடும்பங்களுக்கு உறைத்தது. அவர்களுடைய பள்ளிகளிலும் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கத்தான் செய்தது. நாளுக்கு அரை மணி நேரம் சொச்சம் இலக்கணமும் சொல் பட்டியலும். வருடக்கணக்கில் படித்தும் பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேச வராது. நம்மூரில் 12 வருடம் ஆங்கிலப் பாடம் படித்துவிட்டு வங்கி மேலாளர் முன்னால் திணறுபவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

ஓல்கா மெலிகாஃப், மியூரியல் பார்க்ஸ், வேலரி நீல் என்ற மூன்று பெண்கள் முன்னின்று பெற்றோர்களைத் திரட்டினார்கள். அவர்களுடைய கோரிக்கை எளிமையானது, ஆனால் அன்றைக்கு விபரீதமாகத் தோன்றியது: எங்கள் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொல்லிக்கொடுங்கள். கல்வி வாரியம் இழுத்தடித்தது. பெற்றோர்கள் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடமும், உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டிடமும் யோசனை கேட்டார்கள். (ஊர்ப் பெயரும் பேராசிரியர் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.) வாரியம் அரை மனதோடு இறங்கிவந்தது. 1965 செப்டம்பரில் முதல் வகுப்பு தொடங்கியது.

அந்த வகுப்பு நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் பிரெஞ்சில்தான் பேசுவார். ஆனால் அவருக்கு ஆங்கிலம் புரியும். குழந்தை ஆங்கிலத்தில் "தண்ணி வேணும்" என்றால் திட்டு கிடையாது, அபராதம் கிடையாது. ஆசிரியர் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுப்பார். அந்தந்தக் குழந்தை தனக்கு வரும்போது பிரெஞ்சில் வாயைத் திறந்தால் போதும். எழுத்தையும் முதலில் பிரெஞ்சில்தான் கற்றார்கள். இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் உள்ளே வந்தது. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக ஆங்கில நேரம் கூடி, தொடக்கப்பள்ளி முடியும்போது இரண்டு மொழியும் ஏறக்குறைய சரிபாதியாக நின்றன.

லாம்பர்ட்டும் அவருடைய சகா ரிச்சர்ட் டக்கரும் இந்தக் குழந்தைகளை வருடா வருடம் சோதித்து, 1972இல் புத்தகமாக வெளியிட்டார்கள். முதல் வருடத்தில் ஆங்கில வாசிப்பில் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் அந்த இடைவெளி மூடிக்கொண்டது. பிரெஞ்சில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் கேட்டபோதும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகவே போட்டார்கள். பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கிவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் அந்த அளவு சரளம் வரவில்லை. இன்று கனடா முழுவதும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்த வகை வகுப்புகளில் படிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நம்மூர் எல்.கே.ஜி. முதலாளி துள்ளிக் குதிப்பார். "அதைத்தானே நாங்களும் செய்கிறோம், முதல் நாளிலிருந்தே எல்லாம் இங்கிலீஷ்!"

அங்கேதான் வேறுபாடு. செயின்ட் லாம்பர்ட் குழந்தையின் வீட்டு மொழி ஆங்கிலம். வீட்டில் புத்தக அலமாரி ஆங்கிலத்தில், தொலைக்காட்சி ஆங்கிலத்தில், அப்பாவின் அலுவலகம் ஆங்கிலத்தில். பள்ளி நாள் முழுக்க பிரெஞ்சில் நடந்தாலும் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் வராது. போதாக்குறைக்கு, இரண்டாம் வகுப்பிலேயே பள்ளி அந்த ஆங்கிலத்தை முறையாகக் கையில் எடுத்துக்கொண்டது. லாம்பர்ட்டே பின்னாளில் இதற்குப் பெயர் வைத்தார். ஒரு மொழியின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பது கூட்டல்வகை இருமொழித்தன்மை. இருக்கிற மொழியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது கழித்தல்வகை. இரு மொழிக் கல்வியின் பலன்கள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் முதல் வகையில் கிடைத்தவை. நாம் நடத்துவது இரண்டாவது வகையை. எதிர்பார்ப்பது முதல் வகையின் பலனை.

கழுத்தில் தொங்கிய மரத்துண்டு

இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும் நேரத்தில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. சக மாணவனைக் காட்டிக்கொடுப்பதைப் பாடத்திட்டமாகவே வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் பேசினால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலித்த நம்மூர்ப் பள்ளிகளில் படித்தவர்கள் இதைப் படித்ததும் தங்கள் கிளாஸ் லீடரை நினைத்துக்கொள்வார்கள்.

அறிவியலும் கொஞ்ச காலம் இதற்குத் துணை போனது. 1923இல் சேர் என்ற ஆய்வாளர் வேல்ஸில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, கிராமப்புறங்களில் இரு மொழி பேசும் பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று எழுதினார். நகரப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு இல்லை. காரணம் மொழியா, கிராமத்து வறுமையா, தேர்வுத்தாளா என்று பிரித்துப் பார்க்காமலேயே, இரு மொழி மூளைக்குச் சுமை என்ற முடிவு உலகம் சுற்றிவந்தது. 1962இல் எலிசபெத் பீல் என்பவரும் அதே வாலஸ் லாம்பர்ட்டும் மாண்ட்ரியாலில், ஒரே மாதிரி வசதியுள்ள குடும்பங்களிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துச் சோதித்தபோது முடிவு தலைகீழானது. இரு மொழிப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். இரண்டு மொழியும் நன்றாக வந்த பிள்ளைகளாகவே பொறுக்கி எடுத்துவிட்டார்கள் என்ற விமர்சனம் இந்த ஆய்வின் மேலும் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் பழைய பயம் அதோடு ஆட்டம் கண்டது.

வேல்ஸ் என்ன ஆனது என்கிறீர்களா? 1947இல் லனெல்லி ஊரில் உள்ளாட்சி நிர்வாகமே வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் திறந்தது. இன்று வெல்ஷ் ஒரு சொல்கூடத் தெரியாத ஆங்கிலப் பெற்றோர்கள் வலியத் தேடிவந்து பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்பது அங்கே அரசின் இலக்கு.

பசுவை நாய் என்று கூப்பிடலாமா?

சரி, இரண்டு மொழியும் ஒழுங்காகக் கிடைத்த குழந்தைக்கு அப்படி என்னதான் லாபம்? முதலில், எது லாபம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதது. இரு மொழி பேசினால் கவனம் கூர்மையாகும், மூளை வேகமாகும் என்ற பேச்சு கனடாவின் எலன் பியாலிஸ்டாக் போன்றோரின் ஆய்வுகளிலிருந்து கிளம்பி, இன்று மழலையர் பள்ளி நோட்டீஸ் வரை வந்துவிட்டது. 2019இல் அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 4,500 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வில் அந்தக் கூர்மைக்குத் தடயம் கிடைக்கவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை. மூளை வளர்ச்சி என்று சொல்லிக் கட்டணத்தில் ஐயாயிரம் கூட்டும் பள்ளியைப் பார்த்தால் கொஞ்சம் சிரித்துவிட்டு நகரலாம்.

உறுதியாகத் தெரிந்தவை வேறு. தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் இரண்டும் பேசி வளர்ந்த சிறுவர்களிடம் 1972இல் ஐயான்கோ வொரல் ஒரு வேடிக்கையான கேள்வி கேட்டார்: பசுவுக்கு நாய் என்றும், நாய்க்குப் பசு என்றும் பெயர் வைத்துக்கொள்ளலாமா? ஒரே மொழி தெரிந்த சிறுவர்களில் பலர் முடியாது என்றார்கள். பசு என்றால் பசுதான். இரு மொழிப் பிள்ளைகள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் வைக்கலாமே என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஒரே பொருளை அம்மாச்சி ஒரு பெயரால் கூப்பிடுவதையும் டீச்சர் வேறு பெயரால் கூப்பிடுவதையும் தினமும் கேட்கும் குழந்தைக்கு, பெயர் வேறு, பொருள் வேறு என்பது சீக்கிரம் பிடிபடுகிறது. மொழியையே வெளியே எடுத்து வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பின்னால் வாசிப்புக்கும் இலக்கணத்துக்கும் உதவுகிறது.

இதைவிட நமக்கு நெருக்கமானது ஒடிசாவின் கந்தமால் பகுதியில் கிடைத்த சான்று. அங்கே கோந்த் பழங்குடி மக்களில் ஒரு பகுதியினர் குயி, ஒடியா இரண்டும் பேசுகிறார்கள். இன்னொரு பகுதியினர் குயியைத் தொலைத்துவிட்டு ஒடியா மட்டும் பேசுகிறார்கள். அதே இனம், அதே பண்பாடு, அதே ஏழ்மை. உளவியல் பேராசிரியர் அஜித் மொகந்தி இந்த இரு பகுதிக் குழந்தைகளையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். சிந்தனைத் திறனிலும் மொழியைப் பற்றிய புரிதலிலும் இரு மொழிக் குழந்தைகளே மேலாக இருந்தார்கள். மாண்ட்ரியால் ஆய்வைப் பணக்கார நாட்டுச் சங்கதி என்று ஒதுக்கலாம், கந்தமாலை அப்படி ஒதுக்க முடியாது. குயியை விட்டுக்கொடுத்ததால் ஒடியா கூடுதலாக வந்துவிடவில்லை என்பதுதான் அதில் பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது.

முதுமைக்கும் ஒரு செய்தி உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் மறதிநோய் வந்த 648 பேரின் விவரங்களைச் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு 2013இல் வெளியிட்டது. ஒரு மொழிக்காரர்களைவிட இரு மொழிக்காரர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அம்மாவுக்கு இது போதுமான காரணம் ஆகாது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: என் பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?

அந்தக் கேள்வி நியாயமானது

ஆங்கில மோகம் என்று மேடையில் திட்டுவது சுலபம். திட்டுபவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் மைக் கரகரக்கும். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா வருமானத்தில் கால்வாசியை வேன் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுப்பது மோகத்தால் இல்லை. ஆங்கிலம் பேசுபவருக்கு ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் நாற்காலி கிடைப்பதை அவர் பார்த்திருக்கிறார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் 2010இல் தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் முயற்சியில் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் கட்டக் கிளம்பியதும் இதே உணர்வில்தான். தமிழக அரசுப் பள்ளிகளில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியிருப்பதும் பிள்ளைகள் தனியார் பள்ளிக்கு ஓடுவதைத் தடுக்கத்தான்.

கேள்வி சரி, அதற்கு நாம் போடும் கணக்குதான் தப்பு. ஆங்கில நேரத்தைக் கூட்டினால் ஆங்கிலம் கூடும் என்று நினைக்கிறோம். அமெரிக்க அரசுக்காக ராமிரெஸ் தலைமையில் நடந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வு, ஸ்பானிஷ் வீடுகளைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூன்று வகைப் பள்ளிகளில் தொடர்ந்து பார்த்தது. முழுக்க ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஒரு வகை. கொஞ்ச காலம் மட்டும் ஸ்பானிஷ் துணையோடு படித்தவர்கள் இன்னொரு வகை. தொடக்கப்பள்ளி முடியும்வரை கணிசமாக ஸ்பானிஷிலும் படித்தவர்கள் மூன்றாவது. ஸ்பானிஷில் நீண்ட நேரம் செலவிட்டவர்களுக்கு ஆங்கிலம் குறைந்துவிடவில்லை. கலிஃபோர்னியா இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 1998இல் வாக்கெடுப்பு நடத்தி இரு மொழி வகுப்புகளைப் பெரும்பாலும் மூடியது. 2016இல் அதே மாநில மக்கள் சுமார் 73 விழுக்காடு ஆதரவோடு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போய்விட்டார்கள்.

டொராண்டோவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ் சொன்னதைப் பள்ளி வாசலில் எழுதி வைக்கலாம். விளையாட்டு மைதானத்து மொழி இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்து மொழிக்கு ஐந்திலிருந்து ஏழு வருடம் வேண்டும். யு.கே.ஜி. பிள்ளை விருந்தாளியிடம் "குட் மார்னிங் அங்கிள், மை நேம் இஸ்..." என்று சொல்லும்போது நாம் பூரித்துப்போவது முதல் வகையைப் பார்த்துத்தான். நான்காம் வகுப்பில் நீர்ச்சுழற்சிப் பாடம் வரும்போது தேவைப்படுவது இரண்டாவது. அந்த இடைப்பட்ட வருடங்களில் குழந்தை எந்த மொழியில் யோசிக்கும்? வீட்டு மொழியில் யோசிக்க வழி வைக்காவிட்டால் அது யோசிக்காமல் எழுதப் பழகிக்கொள்ளும். நம் குழந்தைகள் அதில் தேர்ந்தவர்கள்.

தமிழ் ஒரு பாடமாக இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமானது நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பீரியட் தமிழால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. தமிழுக்கு அங்கே கிடைக்கும் மரியாதை அதிகம்: ஆட்சிமொழித் தகுதி, பயிற்சி பெற்ற ஆசிரியர், நல்ல பாடநூல், வானொலி, நாளிதழ். பள்ளிகள் 1987லிருந்து முழுக்க ஆங்கில வழி, தாய்மொழி கட்டாயப் பாடம். வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. சீனம், மலாய், தமிழ் எல்லா வீடுகளையும் சேர்த்த கணக்கு இது. பாடமாக மட்டும் நிற்கும் மொழி பரீட்சை முடிந்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. அறிவியலும் கணக்கும் அந்த மொழியில் கொஞ்சமாவது நடந்தால்தான், இது யோசிக்கவும் உதவும் மொழி என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

பயறு முளைத்த கதை

நல்ல இரு மொழி வகுப்பு எப்படி இருக்கும்? ஒன்றாம் வகுப்பு, விதை முளைக்கிற பாடம். கொட்டாங்கச்சியில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போட்டாயிற்று. மூன்றாம் நாள் வால் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. "மிஸ், என்னுதுக்கு வேர் வந்துருச்சு!" "என்னுது அழுகிப்போச்சு, தண்ணி ரொம்ப ஊத்திட்டேன்." பிள்ளைகள் சொன்னதை டீச்சர் சொன்னபடியே தமிழில் கரும்பலகையில் எழுதுகிறார். தங்கள் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் பாதி எழுத்து தெரியாத பிள்ளையும் தட்டுத் தடுமாறி வாசித்துவிடுகிறது. அழுகிப்போன பயறுக்குக் காரணம் சொன்ன பிள்ளை அறிவியலே செய்துவிட்டது. அதற்கு ஆங்கிலம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஆங்கில நேரம் தனி. அதே கொட்டாங்கச்சியை எடுத்து வைத்துக்கொண்டு டீச்சர் ஆங்கிலத்திலேயே பேசுகிறார். வரிக்கு வரி மொழிபெயர்ப்பதில்லை. கை காட்டுகிறார், நடிக்கிறார், படம் போடுகிறார், பாட்டுப் பாடுகிறார். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பிடிக்க வேண்டியது நாலைந்து சொற்கள்தான். தமிழில் பதில் வந்தால் டீச்சர் தலையாட்டிவிட்டு அதையே ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறார். எழுத்தைப் பொறுத்தவரை முதலில் தமிழ். 247 எழுத்து என்று பூச்சாண்டி காட்டுவார்கள். உயிரும் மெய்யும் கால், கொம்பு, சுழியும் கைவந்துவிட்டால் மிச்சம் கோப்பதுதான். உகர, ஊகார வரிசை மட்டும் கொஞ்ச காலம் மக்கர் பண்ணும். எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்று ஒரு மொழியில் பிடிபட்ட குழந்தைக்கு அதை இன்னொரு மொழியில் முதலிலிருந்து கற்பிக்கத் தேவையில்லை. மூன்றாம் வகுப்பில் இரண்டிலும் எழுதலாம்.

இது கற்பனை ஊர் இல்லை. ஒடிசா 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் இதே வழியில் தொடங்கியது. முதலில் வீட்டு மொழி, அதோடு வாய்மொழியாக ஒடியா, பிறகு எழுத்தில் ஒடியா, ஆங்கிலம். ஆந்திரம் வேறு வழியில் வந்தது. எல்லா அரசுப் பள்ளிகளையும் ஆங்கில வழியாக மாற்ற 2019இல் அரசு ஆணை போட்டது, 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் களேபரத்தில் ஒரு நல்லது நடந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அதே பாடம் தெலுங்கில் என்று இரு மொழிப் பாடநூல்கள் வந்தன. நம்மிடமும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலை பார்த்துச் சொல்லித்தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியர் கையேடு இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த மொழி, பதில் எந்த மொழியில் வரலாம் என்று எழுத்தில் சொல்வதுதான் பாக்கி. அதை எழுதிவிட்டால் டீச்சர் அலுவலரைப் பார்த்து மொழி மாற வேண்டியிருக்காது.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்தாக வேண்டும். திருப்பூர்ப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பீகார்க் குழந்தைக்குத் தமிழ் வழியே அந்நிய வழிதான். நீலகிரியில் இருளர், பணியர் குழந்தைக்கும், தாளவாடியில் கன்னடம் பேசும் குழந்தைக்கும் அப்படித்தான். நம் பிள்ளைக்கு ஆங்கிலத்துக்கு முன்னால் தமிழ் வேண்டும் என்று எந்தக் காரணத்தால் கேட்கிறோமோ, அதே காரணம் அந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 1968 ஜனவரி 23இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இரு மொழித் தீர்மானத்தை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். மும்மொழியா இருமொழியா என்ற சண்டைக்குத் தெருவில் இறங்கவும் தயார். அந்த இரண்டு மொழி ஆறு வயதுக் குழந்தையின் வகுப்பறையில் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்கத்தான் நமக்கு நேரமில்லை.

தனியார் பள்ளிகளை அரசு கட்டாயப்படுத்தவும் முடியாது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில்தான் தர வேண்டும் என்று அரசு திணிக்கக் கூடாது என 2014 மே மாதம் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 'இயன்றவரை தாய்மொழி' என்று சொன்னாலும், அந்த 'இயன்றவரை'யில் ஒரு பள்ளிப் பேருந்தே நுழைந்து போகலாம். ஆக, பேரம் பேசும் இடம் சேர்க்கை மேஜைதான். ஏசி வகுப்பறை உண்டா, ஸ்மார்ட் போர்டு உண்டா, கராத்தே உண்டா என்று கேட்கிற அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்கலாம்: "சார், என் பொண்ணு சூழ்நிலையியல் பரீட்சையில் சரியான பதிலைத் தமிழில் எழுதினா மார்க் போடுவீங்களா?"